மிதிச்சிட்டன்

பெனால்டி கொடுத்த ரெஃப்ரிக்கு ஊரில் நல்ல பேர் கிடையாது. கொடுக்காத ரெஃப்ரிக்கும் கிடையாது. இந்த லட்சணத்தில் ஒரு பெண் ரெஃப்ரி, அதுவும் பையன்கள் ஆடும் ஆட்டத்தில், அதுவும் ஆட்டம் முடியப்போகிற சமயத்தில் பெனால்டி கொடுத்தால் கேட்க வேண்டுமா! ஜ்யோத்ஸ்னாவை டெல்லியே உலுக்கி எடுத்துக்கொண்டிருந்தது. டெல்லி என்றால் முழு டெல்லி இல்லை. கிரிக்கெட்டை விட்டால் இந்த ஊருக்கு வேறு நினைப்பு ஏது? அவளுடைய ஆபீஸ், ஆர்.கே.புரத்தில் அவள் குடியிருந்த குவார்ட்டர்ஸ், கைபேசிக்குள் இருக்கும் முகம் தெரியாத ஜனம், இவ்வளவுதான். அதற்கே போதும் போதும் என்றாகிவிட்டது அவளுக்கு.

நடந்தது இதுதான். தெற்காசிய நாடுகளின் இளைஞர் அணிகள் மோதும் போட்டி டெல்லியில் நடந்துகொண்டிருந்தது. அரையிறுதியில் இலங்கையும் மாலத்தீவும். இரண்டுக்கும் சம்பந்தமில்லாத நாட்டுக்காரர்தான் விசிலைப் பிடிக்க வேண்டும் என்பது விதி என்பதால் இந்திய ரெஃப்ரி ஜ்யோத்ஸ்னாவிடம் ஆட்டம் வந்தது. பகலில் மத்திய சர்க்கார் ஆபீசில் அசிஸ்டென்ட் வேலை, மற்ற நேரமெல்லாம் மைதானம் என்று பத்து வருஷமாக ஓடி ஓடிச் சேர்த்த பேர் அவளுடையது. இந்த ஆட்டத்தை ஒழுங்காக முடித்துக் கொடுத்தால் இறுதி ஆட்டமும் அவளுக்குத்தான் என்று காதோடு காதாகச் சொல்லியிருந்தார்கள்.

இரண்டு பக்கமும் கோல் விழவில்லை. எல்லோரும் களைத்துப்போன நேரத்தில் இலங்கை அணியின் பதினொன்றாம் நம்பர் பையன் இடது ஓரமாகப் பந்தைக் கொண்டுபோய்ப் பெனால்டி கட்டத்துக்குள் புகுந்தான். மாலத்தீவின் ஐந்தாம் நம்பர் குறுக்கே வந்தான். அவனுடைய முதுகு சரியாக ஜ்யோத்ஸ்னாவுக்கும் பந்துக்கும் நடுவில் வந்து நின்றது. அவ்வளவு பெரிய முதுகு அந்த வயதில் ஒரு பையனுக்கு எதற்கு என்று பிற்பாடு பல தடவை நினைத்துக்கொண்டாள். முதுகுக்குப் பின்னால் என்ன நடந்ததோ, "அம்மா!" என்று ஒரு அலறல். பதினொன்று தரையில் கிடந்தான்.

அலறலைக் கேட்டதும் விசிலை ஊதிவிட்டாள். ஊதினாளே தவிர, என்ன தீர்ப்பு என்று முடிவு செய்யவில்லை. யோசித்துக்கொண்டேதான் ஓடினாள்.

நடித்து விழுகிறவர்களை அவளுக்கு நன்றாகத் தெரியும். விழும்போதே ஒரு கண் ரெஃப்ரி மேல் இருக்கும். "ரெஃப்! ரெஃப்!" என்று இரண்டு கையையும் தூக்குவார்கள். உருளுவார்கள், புரளுவார்கள், எதிராளிக்கு அட்டையைக் காட்டினதும் எழுந்து காலை உதறிவிட்டு ஓடுவார்கள். இந்தப் பையனோ யாரையும் பார்க்கவில்லை. கணுக்காலைப் பிடித்துக்கொண்டு முகத்தைப் புல்லில் புதைத்திருந்தான். அவள் குனிந்தபோது அவன் தனக்குத்தானே, தமிழில், பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லிக்கொண்டிருந்தான்.

"மிதிச்சிட்டான்... ஐயோ, மிதிச்சிட்டான்."

ரெஃப்ரிக்குத் தமிழ் தெரியும் என்று அவனுக்குத் தெரியாது. பக்கத்தில் தமிழ் தெரிந்தவர் யாருமில்லை. நடிக்கிறவன் யாராவது ஆளில்லாத திசையைப் பார்த்து நடிப்பானா? புல்லிடம் பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது? ஜ்யோத்ஸ்னா நிமிர்ந்தாள். பெனால்டிப் புள்ளியைக் கை காட்டினாள். ஐந்தாம் நம்பருக்கு மஞ்சள் அட்டை. அவன் நெஞ்சில் அடித்துக்கொண்டு "நோ டச், மேடம், நோ டச்" என்று கத்தினான். எல்லோரும்தான் கத்துகிறார்கள். பதினொன்றை ஸ்ட்ரெச்சரில் தூக்கிப் போனார்கள், வேறொருவன் உதைத்தான், கோல். இலங்கை இறுதிக்குப் போனது.

சாயங்காலமே டிவியில் மெதுவாக ஓட்டிக் காட்டிவிட்டார்கள். ஐந்தாம் நம்பரின் கால் பதினொன்றின் பக்கத்திலேயே இல்லை. பையனின் கால் எங்கே பட்டது என்பதைத்தான் அந்தப் பாழாய்ப்போன முதுகு டிவியிலும் மறைத்தது. ஆனால் எதிராளி தொடவில்லை என்பது பச்சைக் குழந்தைக்கும் தெரிந்தது. அப்புறம் என்ன! பையன் விழுவதைப் பாட்டோடு சேர்த்து, திருப்பித் திருப்பி ஓட்டி, சினிமாவில் சேர் தம்பி என்று எழுதி ஊரெல்லாம் அனுப்பினார்கள்.

மறுநாள் ஆபீஸ் கேன்டீனில் டீ கொடுக்கிற பையா வரைக்கும் விஷயம் வந்துவிட்டது. "மேடம்ஜி, உஸ்னே ஆப்கோ உல்லு பனாயா" என்றார், உங்களை முட்டாளாக்கிவிட்டானே என்று நிஜமான அனுதாபத்தோடு. அந்த அனுதாபம்தான் அவளுக்குத் தாங்கவில்லை.

கோபம் வந்தது. இங்கிலீஷில் ஏமாற்றியிருந்தால்கூடப் பொறுத்திருப்பாள். தமிழில் ஏமாற்றிவிட்டானே! அம்மா என்று கத்தி, புல்லைப் பார்த்துப் புலம்பி, என்ன கெட்டிக்காரத்தனம்! ராத்திரிச் சாப்பாட்டில் அப்பளத்தை அவள் நொறுக்கின நொறுக்கில் அவளுடைய கணவன் வைத்தி தட்டை நகர்த்தி வைத்துக்கொண்டான்.

"அப்பளம் என்னடி பண்ணித்து?"

"நான் அவனை நம்பினேன் வைத்தி. மனசார நம்பினேன். அதான் எரியறது."

கிருஷ்ணபிரசாத் ஃபோன் பண்ணினார். ஜனக்புரிவாசி, பாங்கில் இருந்து ரிட்டயரானவர், ஒரு காலத்தில் ரெஃப்ரி, இப்போது ரெஃப்ரிகளுக்கு மார்க் போடுகிறவர். ஜ்யோத்ஸ்னாவுக்கு முதல் விசிலை வாங்கிக் கொடுத்ததும் அவர்தான்.

"மாலத்தீவு புகார் குடுத்துட்டாங்கம்மா. வெள்ளிக்கிழமை மத்தியானம் விசாரணை. ஆட்ட முடிவு மாறாது, ரெஃப்ரி தீர்ப்பு தீர்ப்புதான். ஆனா பையன் வேணும்னே நடிச்சு ஏமாத்தினானான்னு கேப்பாங்க. நீ ஒரே வரி சொன்னாப் போதும். ஏமாந்துட்டேன், அவ்வளவுதான்."

"சொன்னா என்ன ஆகும் சார்?"

"அவனுக்கு ஒரு வருஷம் தடை. ஏமாத்துக்காரன்னு பேர். உனக்கு ஒண்ணும் ஆகாது. ஏமாறாத ரெஃப்ரி உலகத்துல யாரு? ஃபைனலும் உனக்குத்தான், நான் பேசிட்டேன்." கொஞ்சம் தயங்கி, "இன்னொண்ணு. அவன் தமிழ்ல சொன்னான், நீ கேட்டேன்னு மட்டும் வாயைத் திறந்துடாதே. தமிழச்சி தமிழனுக்குக் குடுத்தாள்னு ஆயிடும். அப்புறம் உன் விசிலை நான்கூடக் காப்பாத்த முடியாது" என்றார்.

நல்ல மனுஷர். அவள் நல்லதற்குத்தான் சொன்னார். ஏமாற்றினவனுக்குத் தண்டனை, ஏமாந்தவளுக்கு ஃபைனல். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? சரி சார் என்று சொல்லிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை காலையில் வைத்தி அவளை மலை மந்திருக்கு இழுத்துக்கொண்டு போனான். அவனுக்கு முருகன் மேல் பக்தி, அவளுக்குப் படியேறுவது உடற்பயிற்சி. புடவை கட்டி, தலையில் பூ வைத்துக்கொண்டால் அவளை யாருக்கும் அடையாளம் தெரியாது. விசில் ஊதுகிற கறுப்புச் சட்டைப் பெண்பிள்ளையைத்தான் ஊருக்குத் தெரியும்.

செருப்பு விடுகிற இடத்தில் நின்றபோதுதான் பார்த்தாள். பதினொன்றாம் நம்பர்! கணுக்காலில் கனத்த கட்டோடு, படிக்குக் கீழே ஒரு திட்டில் உட்கார்ந்திருந்தான். கூட வந்த இன்னொரு பையன் மேலே போயிருந்தான் போலிருக்கிறது. இவன் கைபேசியைக் காதில் வைத்துப் பேசிக்கொண்டிருந்தான்.

விசாரணைக்கு முன்னால் ஆட்டக்காரனோடு பேசக் கூடாது. ஜ்யோத்ஸ்னா சட்டென்று வைத்திக்குப் பின்னால் மறைந்தாள். ஆனால் காதை என்ன செய்வது? அது பாட்டுக்குக் கேட்டது.

"இல்லையம்மா, மேல ஏறேல்ல. படி கனக்க இருக்கு, கால் ஏலாது. கீழ நிண்டே கும்பிட்டிட்டான்."

யார் கும்பிட்டான்? ஜ்யோத்ஸ்னா சுற்றுமுற்றும் பார்த்தாள். வேறு பையன் யாரும் கீழே இல்லை.

"ஓமம்மா, சாப்பிட்டிட்டான். மருந்தும் பூசிட்டான்."

அட, யாரைப் பற்றித்தான் சொல்கிறான்? யார் சாப்பிட்டான், யாருக்கு மருந்து? அம்மா கேட்பது இவனைப் பற்றித்தானே இருக்கும்? ஜ்யோத்ஸ்னா வைத்தியின் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். பையன் தன் காலைத்தான் தடவிக்கொண்டிருந்தான்.

"பொய்யோ? நான் ஏனம்மா பொய் சொல்லுறன்? நான் உண்மையா மருந்து பூசிட்டன்."

சொல்லுறன். பூசிட்டன். இந்தத் தடவை அவள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். டான் இல்லை. டன். அவன் தன்னைப் பற்றித்தான் பேசுகிறான். நாம் பூசிட்டேன் என்கிறோமே, அதை அவன் பூசிட்டன் என்கிறான்.

அப்படியானால் அன்றைக்குப் புல்லில் அவள் கேட்டது?

"ஊரில ஆர் என்ன சொன்னாலும் சொல்லட்டும்" என்று பையன் தொடர்ந்தான். குரல் உடைந்திருந்தது. "கள்ளன் எண்டு சொல்லட்டும். முருகன் கோயில் வாசலில இருந்து சொல்லுறன், நான் நடிக்கேல்ல. பந்துக்கு மேல காலை வச்சு மிதிச்சிட்டன் அம்மா. கால் பிரண்டிட்டுது. அவ்வளவுதான். அந்தப் பெடியன் என்னைத் தொடவே இல்லை. ஸ்ட்ரெச்சரில கொண்டுபோனதால பெனால்டி குடுத்ததுகூட எனக்குப் பிறகுதான் தெரியும்."

ஜ்யோத்ஸ்னா செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டாள். "வா, போலாம்" என்றாள்.

"இன்னும் சுவாமியே பாக்கலையேடி!"

"வைத்தி, ப்ளீஸ். ஜல்தி."

காரில் உட்கார்ந்து கதவைச் சாத்தினதும் கொட்டித் தீர்த்துவிட்டாள். டெல்லியில் பிறந்து டெல்லியில் வளர்ந்தவள் அவள். படித்தது ஹிந்தியும் இங்கிலீஷும். அப்பா ராமமூர்த்தி பேசின கும்பகோணத்துத் தமிழ், கல்யாணத்துக்கு அப்புறம் வைத்தி பேசுகிற அதே தமிழ், இதுதான் அவளுக்குத் தமிழ். இதற்கு வெளியே ஒரு தமிழ் இருக்கும், அதில் நான் என்பதற்கு வேறு மாதிரி வால் இருக்கும் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை. எழுதப் படிக்கவும் தெரியாது.

வைத்தி கார்க் கண்ணாடியின் உள்பக்கம் படிந்திருந்த தூசியில் விரலால் எழுதிக் காட்டினான். "பார், இது மிதிச்சிட்டன். அவன் சொன்னது. நான் மிதிச்சுட்டேன்னு அர்த்தம். இது மிதிச்சிட்டான். நீ கேட்டது. வேற எவனோ மிதிச்சான்னு அர்த்தம். நடுவுல இந்த ஒரு கோடுதான் வித்தியாசம். இதுக்குப் பேரு என்ன தெரியுமோ?"

"என்ன?"

"கால்."

அவள் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாலத்தீவுக்காரன் காலை வெக்கவே இல்லைடி. நீதான் வெச்சிருக்கே" என்றான் வைத்தி. சிரிப்பு மூட்டத்தான் சொன்னான். அவள் முகத்தைப் பார்த்ததும் அவசரமாகத் தூசியைத் துடைத்தான்.

"இப்ப என்ன பண்ணப் போறே?"

"தெரியல." பொய். தெரிந்துதான் இருந்தது. பயமாக இருந்தது, அவ்வளவுதான். பத்து வருஷ ஓட்டம் கண்ணில் நின்றது. பனியில் ஓடினது, வெயிலில் ஓடினது, காய்ச்சலோடு ஓடினது, பொம்பளைக்கு என்னத்துக்கு விசில் என்று கேட்டவர்கள் முன்னால் ஓடினது. எல்லாம் ஒரு ஃபைனலுக்காக. அது கைக்கெட்டின தூரத்தில் இருந்தது.

விசாரணை விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஆட்டக்காரர்கள் தங்கியிருந்த ஹோட்டலில் நடந்தது. மூன்று நாட்டுக்காரர்கள் மூன்று பேர் மேஜைக்கு அந்தப் பக்கம். ஓரத்து நாற்காலியில் கிருஷ்ணபிரசாத். பையனை வெளியே உட்கார வைத்திருந்தார்கள். பெயர் நிரோஜன் என்று தலைவர் சொல்லித்தான் ஜ்யோத்ஸ்னாவுக்கே தெரியும்.

தலைவர் இங்கிலீஷில் பொறுமையாகக் கேட்டார். "ஆட்டக்காரர் உங்களை ஏமாற்றினாரா?"

கிருஷ்ணபிரசாத் அவளைப் பார்த்து லேசாகத் தலையாட்டினார்.

"இல்லை" என்றாள் ஜ்யோத்ஸ்னா. "அவன் உண்மையைத்தான் சொன்னான். நான்தான் தப்பாகப் புரிந்துகொண்டேன்."

கிருஷ்ணபிரசாத் கண்ணை மூடிக்கொண்டார்.

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். முதுகு மறைத்ததை, பார்க்காமலேயே தீர்ப்புச் சொன்னதை, கேட்டதை வைத்துப் புள்ளியைக் காட்டினதை, கேட்டதும் தப்பு என்று இன்று காலையில்தான் தெரிந்துகொண்டதை. கோயில் வாசலில் ஒட்டுக் கேட்டதையும் மறைக்கவில்லை. தமிழ் தெரியாத மூன்று பேருக்கு டன்னுக்கும் டானுக்கும் வித்தியாசம் சொல்வது லேசுப்பட்ட காரியமா? மாற்றி மாற்றிச் சொல்லிக் காட்டினாள். அவர்கள் மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

தலைவர் கடைசியில் பேனாவை வைத்தார். "அவர் என்ன சொன்னார் என்று வேறு யாருக்கும் தெரியாது. உங்களுக்குப் புரியும் என்று அவருக்கே தெரியாது. இதைச் சொல்லாமலே இருந்திருக்கலாமே?"

"அதனால்தான் சொல்கிறேன் சார். கேட்டது நான் ஒருத்திதான். நானும் சொல்லாவிட்டால் அவன் அதைச் சொல்லவே இல்லை என்றாகிவிடும்."

வெளியே அனுப்பினார்கள். கொஞ்ச நேரத்தில் திரும்பக் கூப்பிட்டார்கள். ஆட்டக்காரர் மேல் குற்றமில்லை, காயத்தால் விழுந்தார், இதை அறிக்கையாக எல்லா நாட்டுக்கும் அனுப்புவோம். கண்ணால் காணாததற்குப் பெனால்டி கொடுத்த ரெஃப்ரி இறுதி ஆட்டத்திலிருந்து விலக்கப்படுகிறார். மற்றதைப் பின்னால் யோசிப்போம்.

கிருஷ்ணபிரசாத் அவளைத் தாண்டிப் போகும்போது நின்றார். திட்டப்போகிறார் என்று நினைத்தாள். "பைத்தியம்" என்றார். அவள் தலையில் கையை வைத்து ஒரு ஆட்டு ஆட்டிவிட்டுப் போனார்.

வராந்தாவில் நிரோஜன் ஊன்றுகோலோடு நின்றான். மானேஜர் அதற்குள் விஷயத்தைச் சொல்லியிருந்தார் போலிருக்கிறது. அவன் அவளைப் புதிதாகப் பார்க்கிற மாதிரி பார்த்தான்.

"அக்கா, நீங்கள் தமிழோ?"

"ஆமாப்பா."

"அப்ப நான் சொன்னது உங்களுக்குக் கேட்டதுதானே? பிறகேன் பெனால்டி குடுத்தனீங்கள்?"

குற்றம் சாட்டுகிற குரலே இல்லை. நிஜமாகவே புரியாமல் கேட்டான். அதுதான் சுருக்கென்றது.

"எனக்கு எங்க ஆத்துத் தமிழ்தான் தெரியும் நிரோஜன். நீ சொன்னது எனக்குப் புரியல. புரிஞ்சுதுன்னு நெனச்சுண்டேன். மன்னிச்சுக்கோ."

"ஐயோ, பறவாயில்லை அக்கா. எனக்கு இனி ஒண்டுமில்லை. அம்மாவுக்குச் சொன்னாச் சரி." ஊன்றுகோலை மாற்றிப் பிடித்துக்கொண்டான். கொஞ்சம் யோசித்தான். "அந்த அஞ்சாம் நம்பர் பெடியனுக்குச் சொல்லிப்போட்டீங்களோ?"

ஜ்யோத்ஸ்னா அப்படியே நின்றுவிட்டாள். இந்த மூன்று நாளில் நிரோஜனைத் திட்டினாள், நிரோஜனுக்காக அழுதாள், தன் ஃபைனலுக்காக அழுதாள். நெஞ்சில் அடித்துக்கொண்டு நோ டச் என்று கத்தினவனை ஒரு தடவைகூட நினைக்கவில்லை. அவன் சொன்னதில் புரியாத பாஷை எதுவும் இல்லை.

"இண்டைக்குத்தான் போறாங்கள். கீழ பஸ் நிக்குது" என்றான் நிரோஜன்.

லிஃப்டுக்குக் காத்திருக்காமல் படியில் ஓடினாள், புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு. வாசலில் மாலத்தீவுப் பையன்கள் பைகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அந்த முதுகைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. தோளைத் தொட்டாள். திரும்பினான். கிட்டத்தில் பார்த்தால் மீசைகூட முளைக்காத குழந்தை முகம். புடவையில் அவளை அடையாளம் கண்டுகொள்ள அவனுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"நீ அவனைத் தொடவில்லை" என்றாள் இங்கிலீஷில், மூச்சு வாங்க. "தப்பு என்னுடையது. அதைச் சொல்லத்தான் வந்தேன்."

அவன் அவளைப் பார்த்தான். கோபம் இல்லை, சந்தோஷமும் இல்லை.

"தெரியும், மேடம்" என்றான். "நான் அங்கேதானே இருந்தேன்."

பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் ஏறிவிட்டான்.